பன்னிரண்டு கட்டைகளின் கணக்கு

பன்னிரண்டு ஒன்றரைகளை ஒன்றோடொன்று பெருக்கினால் 129.746 வரும். ஏழு இரண்டுகளைப் பெருக்கினால் 128 வரும். இந்த இரண்டு விடைகளுக்கும் உள்ள வேறுபாடு நூற்றில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. ஆனாலும் இசைக்கருவி செய்தவர்களையும் சுருதி சேர்த்தவர்களையும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அலைக்கழித்தது இந்தச் சிறு வேறுபாடுதான். இன்று நம் வீட்டுக் கீபோர்டு, கிடார், கைப்பேசியில் இருக்கும் இசைச் செயலி ஆகிய எல்லாமே இந்தக் கணக்குக்குக் கண்டுபிடித்த ஒரு சமாதானத்தின் மேல் நிற்கின்றன. அது என்ன சமாதானம், அதனால் நமக்குக் கிடைத்தது என்ன, இழந்தது என்ன என்பதைத் தெரிந்துகொண்டால் இசையின் அடிப்படைப் பாடங்களில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

ஒரு கம்பியிலிருந்து தொடங்கலாம். தம்புராவின் சாரணிக் கம்பி நொடிக்கு 240 முறை அதிர்கிறது என்று கணக்குக்கு வசதியாக வைத்துக்கொள்வோம். அதுதான் நம் சட்ஜம். ஆனால் கம்பி முழு நீளமாக மட்டும் அதிர்வதில்லை. அதே நேரத்தில் இரண்டு பாதிகளாகவும், மூன்று பங்குகளாகவும், நான்காகவும், ஐந்தாகவும் பிரிந்து அதிர்கிறது. ஆகவே 240-உடன் 480, 720, 960, 1200 என்ற அதிர்வெண்களும் மெல்லிதாகக் கலந்து வருகின்றன. இவற்றுக்கு மேற்சுரங்கள் என்று பெயர். 480 என்பது மேல் சட்ஜம். 720 அதற்கு மேலே உள்ள பஞ்சமம். 1200 அந்தர காந்தாரம். ஜீவாளி நூலைச் சரியான இடத்தில் நிறுத்தி நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவில், யாருமே மீட்டாத காந்தாரம் ஒன்று கேட்கும். அதைச் சுயம்பு காந்தாரம் என்பார்கள். அதில் மாயம் எதுவும் இல்லை. கம்பி தன்னைத்தானே ஐந்தாகப் பிரித்துக்கொள்வதால் பிறக்கும் ஒலி அது.

இரண்டு சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும்போது காதுக்கு ஏன் இதமாக இருக்கிறது என்பதற்கும் விடை இங்கேதான். பஞ்சமம் சட்ஜத்தைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது 360. அதன் மேற்சுரங்கள் 720, 1080, 1440. சட்ஜத்தின் மேற்சுரங்களிலும் 720 உண்டு, 1440 உண்டு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்துவதால் ஒலி அலையாமல் நிற்கிறது. பஞ்சமக் கம்பியைச் சற்று அதிகமாக முறுக்கி 363-க்குக் கொண்டுபோனால் அதன் இரண்டாம் மேற்சுரம் 726 ஆகிவிடும். 720-க்கும் 726-க்கும் உள்ள வேறுபாடு நொடிக்கு ஆறு விம்மல்களாகக் கேட்கும். தம்புராவின் பிரடையைத் திருப்பிச் சுருதி சேர்ப்பவர் இந்த விம்மல் மெதுவாகி, இன்னும் மெதுவாகி, நின்றுபோகும் இடத்தைத்தான் காதால் தேடுகிறார். 1863-இல் ஜெர்மனியின் எல்மோல்ட்ஸ் ஒலியுணர்வு பற்றி எழுதிய பெரும் நூலில் இதை விளக்கினார். ஆனால் கேட்டுச் சேர்க்கும் கலை அவருக்குப் பல நூற்றாண்டு முந்தியது.

இரண்டு மடங்கு என்றால் மேல் சட்ஜம், ஒன்றரை மடங்கு என்றால் பஞ்சமம். இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றச் சுரங்களை எல்லாம் பெற முடியும். சட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்குப் போகிறோம். அந்தப் பஞ்சமத்தையே சட்ஜமாக நினைத்து அதன் பஞ்சமத்துக்குப் போனால் ரிஷபம் கிடைக்கிறது. அங்கிருந்து தைவதம், அதிலிருந்து காந்தாரம். சட்ஜம் முதல் மேல் சட்ஜம் வரை உள்ள ஸ்தாயியைத் தாண்டும்போதெல்லாம் பாதியாக்கிக் கீழே கொண்டுவந்து வரிசைப்படுத்தினால் ச, ரி, க, ப, த என்ற ஐந்து சுரங்கள் நிற்கும். மோகனம்! சீனத்திலும் ஸ்காட்லாந்திலும் நாட்டுப்பாடல்கள் இதே ஐந்து சுரங்களில் ஒலிப்பது தற்செயலாக நிகழ்ந்ததன்று. எந்த நாட்டுக் கம்பியானாலும் அதிர்வது ஒரே விதிப்படிதானே. இன்னும் இரண்டு தாவல் தாவினால் நிஷாதமும் பிரதி மத்தியமமும் வந்து சேர்ந்து, மோகனம் கல்யாணியாக மலரும். சட்ஜத்திலிருந்து ஒரு தாவல் பின்னோக்கிப் போனால் சுத்த மத்தியமம் கிடைக்கும். பிரதி மத்தியமத்தை விட்டுவிட்டு இதைச் சேர்த்துக்கொண்டால் அது சங்கராபரணம்.

பழந்தமிழ் இசை இந்த வழியை நன்கறிந்தது. பஞ்சமத்துக்கு அங்கே இளி என்று பெயர். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் ஏழு ஆயர்மகளிர் ஏழு சுரங்களின் பெயர் தாங்கி வட்டமாக நிற்கிறார்கள். உரைகள் பன்னிரண்டு இராசி வீடுகளை வட்டமாக வகுத்து அவற்றில் சுரங்களை நிறுத்தி வட்டப்பாலை என்கின்றன. மேலைநாட்டு இசைப் பாடத்தின் தொடக்கத்திலும் பஞ்சமங்களின் வட்டம் என்று இதற்கு நெருங்கிய ஒரு படத்தைத்தான் போட்டுக் காட்டுகிறார்கள்.

வட்டம் என்றால் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும் அல்லவா? சிக்கல் அங்கேதான் முளைக்கிறது. பியானோவின் கடைசிக் கீழ்க்கட்டை நொடிக்கு 27.5 அதிர்வு. அதிலிருந்து ஏழு ஸ்தாயி மேலே போனால் 3520. அதே கட்டையிலிருந்து பன்னிரண்டு பஞ்சமங்கள் தாவினாலும் அதே சுரத்துக்குத்தான் வந்து சேர வேண்டும். ஆனால் வந்து நிற்பது 3568-இல். ஏறக்குறைய வந்துவிட்டோம், ஆனால் வரவில்லை. எத்தனை முறை தாவினாலும் ஒருபோதும் சரியாக வராது. காரணம் எளிது. மூன்றை எத்தனை முறை பெருக்கினாலும் விடை ஒற்றைப்படை எண். இரண்டை எத்தனை முறை பெருக்கினாலும் விடை இரட்டைப்படை. இரண்டும் சமமாக வழியே இல்லை. பன்னிரண்டில் நிறுத்திக்கொண்டதற்குக் காரணம், அங்கே அவை மிக அருகில் வருகின்றன என்பதுதான். அதைவிடக் கணிசமாக அருகில் வர வேண்டுமென்றால் ஐம்பத்து மூன்று சுரங்கள் வரை போக வேண்டும். அத்தனை கட்டைகளை மனித விரல்களால் சமாளிக்க முடியாது.

குரலுக்கும் பிடிலுக்கும் இதனால் பெரிய தொல்லை இல்லை. விரலையோ தொண்டையையோ வேண்டிய இடத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம். கட்டை உள்ள கருவிகள்தான் மாட்டிக்கொண்டன. ஐரோப்பிய தேவாலயங்களின் ஆர்கனுக்குச் சுருதி சேர்த்தவர்கள் பெரும்பாலான பஞ்சமங்களை நன்றாக வைத்துவிட்டு, மிச்சமாகும் பிழை முழுவதையும் அதிகம் பயன்படாத ஒரே பஞ்சமத்தில் தள்ளினார்கள். அது ஊளையிடுவது போல் ஒலித்ததால் அதற்கு ஓநாய் என்றே பெயர் வைத்தார்கள். ஒரே சட்ஜத்தில் பாடி முடித்துவிட்டால் ஓநாயைச் சந்திக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய இசையோ பாட்டின் நடுவிலேயே சட்ஜத்தை வேறு வேறு கட்டைக்கு மாற்றத் தொடங்கியது. அப்போது எந்தப் பக்கம் போனாலும் எங்கோ ஓரிடத்தில் ஓநாய் காத்திருந்தது. 1722-இல் இசையமைப்பாளர் பாக் பன்னிரண்டு கட்டைகளிலும் தொடங்கும் இருபத்து நான்கு சோடி உருப்படிகளை ஒரே தொகுப்பாக எழுதியது, எங்கிருந்து தொடங்கினாலும் காது கூசாதபடி ஒரு கருவியைச் சேர்க்க முடியும் என்பதைக் காட்டியது.

முழுத் தீர்வு கணிதத்திலிருந்து வந்தது. பிழையை ஒரு மூலையில் தள்ளுவதை விட்டு, ஒரு கடனைப் பன்னிரண்டு பங்காளிகள் சமமாகப் பிரித்துக்கொள்வது போலப் பன்னிரண்டு இடங்களிலும் பரப்பிவிட வேண்டும். ஒவ்வொரு கட்டையும் முந்தைய கட்டையைப் போல ஒரே மடங்கு இருக்க வேண்டும். பன்னிரண்டு முறை பெருக்கினால் சரியாக இரண்டு வர வேண்டும். அந்த எண் 1.059463. சீனத்தில் மிங் அரச குடும்பத்தைச் சேர்ந்த சூ சாயூ 1584-இல் இதைக் கண்டறிந்து வெளியிட்டார். பதினாறாம் நூற்றாண்டின் முடிவில் சைமன் ஸ்டெவின் ஐரோப்பாவில் தனியாக இதே முடிவுக்கு வந்தார். கையால் வர்க்கமூலமும் கனமூலமும் எடுத்த காலத்தில் இது எவ்வளவு பெரிய உழைப்பு என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் இந்த எண்ணை வரவேற்றவர் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர். சித்த மருத்துவராகப் புகழ்பெற்ற அவர் 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில், ஸ்தாயியை இருபத்திரண்டு சுருதிகளாக வகுக்கும் மரபை மறுத்து, பன்னிரண்டும் இருபத்து நான்குமான சம பங்குகளே சரி என்று பக்கம் பக்கமாகத் தசமக் கணக்குப் போட்டு வாதாடினார். பாடும் குரல் சம பங்குகளுக்குள் அடங்கும் என்ற அவருடைய முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் சுரங்களைப் பற்றிய வழக்கைக் கணக்கின் முன் கொண்டுவந்து நிறுத்திய அந்தத் துணிச்சலுக்குத் தமிழிசை உலகம் கடமைப்பட்டிருக்கிறது.

சம பங்கின் விலை என்ன? 1885-இல் அலெக்சாண்டர் எல்லிஸ் ஒரு ஸ்தாயியை 1200 சென்ட் என்று பிரித்து, அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே 100 சென்ட் என்று அளவு வகுத்தார். அதன்படி கம்பி தரும் பஞ்சமம் 702 சென்ட். கீபோர்டின் பஞ்சமம் 700. இந்த இரண்டு சென்ட்டை யாரும் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. காந்தாரத்தில்தான் இழப்பு கனமாக இருக்கிறது. கம்பி தரும் அந்தர காந்தாரம் 386 சென்ட். கீபோர்டில் அது 400. சட்ஜம் 240 என்றால் காந்தாரம் 300 ஆக இருக்க வேண்டிய இடத்தில் கீபோர்டு 302.4-ஐத் தருகிறது. இரண்டு கட்டைகளையும் சேர்த்து அழுத்தினால் மேற்சுரங்கள் நொடிக்கு ஒன்பது, பத்து முறை மோதி விம்முகின்றன. நாம் பிறந்தது முதல் இந்தக் காந்தாரத்தையே கேட்டு வளர்ந்ததால் அது நமக்கு உறுத்துவதில்லை. தம்புரா முன் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து கீபோர்டில் கைவைத்தால் உறுத்தும்.

இப்போது கிடைத்ததைப் பார்ப்போம். அதுவும் சிறிதன்று. எல்லா இடைவெளியும் சமம் என்பதால் எந்தக் கட்டையையும் சட்ஜமாக வைத்துக்கொள்ளலாம். கச்சேரிக்காரர்கள் ஒரு கட்டை, இரண்டரைக் கட்டை, ஐந்து கட்டை என்று சொல்வது ஆர்மோனியத்தின் கட்டைகளை எண்ணித்தான். வெள்ளைக் கட்டைகள் முழு எண், கறுப்புக் கட்டைகள் அரை. மூன்றரைக் கட்டை என்று யாரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள். மூன்றாவது, நான்காவது வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே கறுப்புக் கட்டையே கிடையாது. வீட்டில் கீபோர்டு இருந்தால் முதல் வெள்ளைக் கட்டையிலிருந்து வெள்ளையை மட்டும் வாசித்துப் பாருங்கள், சங்கராபரணம். இரண்டாவதிலிருந்து தொடங்கினால் கரகரப்பிரியா. மூன்றாவதிலிருந்து தோடி, நான்காவதிலிருந்து கல்யாணி, ஐந்தாவதிலிருந்து அரிகாம்போதி, ஆறாவதிலிருந்து நடபைரவி. கறுப்புக் கட்டைகள் ஐந்தும் இதைவிட அழகு. எதை சட்ஜமாக எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து மோகனம், மத்தியமாவதி, இந்தோளம், சுத்த தன்யாசி, சுத்த சாவேரி என்று ஐந்து ராகங்களின் சுரங்கள் கிடைக்கும். மோகனம் வேண்டுமென்றால் நான்கரைக் கட்டையிலிருந்து தொடங்க வேண்டும். கிரக பேதம் என்று நாம் சொல்வதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கருவி இல்லை.

மேலைநாட்டு இசை இந்த வசதியைக் கொண்டு கட்டிய மாளிகைக்குக் கார்டு என்று பெயர். மூன்று சுரங்களைச் சேர்த்து அழுத்துவது அதன் முதல் பாடம். ச, அந்தர காந்தாரம், ப மூன்றும் சேர்ந்தால் மேஜர் கார்டு. அதன் இயற்கையான விகிதம் 4:5:6. ஒரே கம்பியின் நான்காம், ஐந்தாம், ஆறாம் மேற்சுரங்களின் விகிதமும் அதுவே. அதனால்தான் அது அவ்வளவு நிறைவாக ஒலிக்கிறது. காந்தாரத்தை ஒரு கட்டை இறக்கிச் சாதாரண காந்தாரமாக்கினால் மைனர் கார்டு. விகிதம் 10:12:15. பொருத்தம் உண்டு, ஆனால் அவ்வளவு எளிய பொருத்தம் இல்லை. திரைப்பாட்டில் மெட்டு மகிழ்ச்சியிலிருந்து ஏக்கத்துக்குத் திரும்பும் இடத்தைக் கூர்ந்து கேட்டால், அடியில் பெரும்பாலும் இந்த ஒரு கட்டை இறங்கியிருக்கும்.

கிடாரின் கழுத்தை அளவுகோலால் அளந்தால் 1.059463 கண்ணுக்கே தெரியும். வழக்கமான கிளாசிக்கல் கிடாரில் அதிரும் கம்பியின் நீளம் 650 மில்லிமீட்டர். அதை 17.817-ஆல் வகுத்தால் 36.5. முதல் மெட்டு (ஃபிரெட்) அந்த இடத்தில் இருக்கும். மீதி நீளத்தை மறுபடி 17.817-ஆல் வகுத்தால் இரண்டாவது மெட்டு. இப்படியே போனால் பன்னிரண்டாவது மெட்டு சரிபாதியில், 325-இல், வந்து நிற்கும். கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி 1581-இலேயே வீணையைப் போன்ற லூட் கருவிக்குப் பதினெட்டால் வகுக்கச் சொன்னார். கணக்கில் பிழை மிகச் சிறிது. நம் வீணையில் இருபத்து நான்கு மெட்டுகளை மெழுகில் பதிக்கிறார்கள். அங்கே எண்ணால் வகுப்பதில்லை. வாசித்துக் கேட்டு, நகர்த்திக் கேட்டு, காது ஒப்புக்கொண்ட இடத்தில் பதிக்கிறார்கள். அதோடு விடாமல் கம்பியை மெட்டின் மேலேயே பக்கவாட்டில் இழுத்து அடுத்த சுரங்களையும் வரவழைக்கிறார்கள். மெட்டு அங்கே எல்லை ஆகாது. புறப்படும் இடம் மட்டுமே.

ஒலித்ததைத் தாளில் எழுதும் கதைக்கு வருவோம். பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் அரெட்சோ நகரில் இருந்த கீதோ என்ற துறவி, பாடகர் பிள்ளைகள் பத்தாண்டு பாடிப் பாடியே மனப்பாடம் செய்வதைக் கண்டு, நான்கு கோடுகளைப் போட்டு, கோட்டின் மேலும் இடைவெளியிலும் சுரங்களை எழுதினார். ஒரு கோட்டைச் சிவப்பாகவும் ஒன்றை மஞ்சளாகவும் வரைந்து இன்ன கோடு இன்ன சுரம் என்று அடையாளம் காட்டினார். இன்று ஐந்து கோடுகளின் தொடக்கத்தில் போடும் சுழித்த கிளெஃப் குறி அந்த அடையாளத்தின் வாரிசு. புதிய முறையில் ஓரிரு ஆண்டுகளில் தேறிவிடலாம் என்றார் கீதோ. மேலே போனால் உயரும் சுரம், கீழே வந்தால் தாழும் சுரம். வலப்பக்கம் நகர நகர நேரம் ஓடுகிறது. உருண்டையை நிரப்பினாலும் வால் சேர்த்தாலும் கால அளவு பாதி பாதியாகக் குறைகிறது. இதைவிடக் கண்ணுக்கு நேர்மையான எழுத்தை இசைக்கு எவரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பது என் கருத்து.

நம் சுரக்குறிப்பு வேறு வகை. ச என்பது எந்தக் கட்டையாகவும் இருக்கலாம். பாடுபவர் தம் குரலுக்கு ஏற்ப வைத்துக்கொள்வார். மேலே புள்ளி வைத்தால் தார ஸ்தாயி, கீழே வைத்தால் மந்தரம். ச என்றால் ஓர் அட்சரம், சா என்றால் இரண்டு. எளிமையிலும் சிக்கனத்திலும் இதற்கு ஈடில்லை. ஆனால் இருபது வாத்தியங்கள் ஒரே நேரத்தில் இருபது வேறு வரிகளை வாசிக்க வேண்டும் என்றால் இது போதாது. ஐந்து கோட்டு முறைதான் வேண்டும். அதைத் தமிழ்த் திரையிசையில் தம் எழுத்தாகவே ஆக்கிக்கொண்டவர் இளையராஜா. தன்ராஜ் மாஸ்டரிடம் அவர் கற்ற அந்த எழுத்துத்தான், 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு அவருடைய சிம்பொனியை வாசித்தபோதும் வாத்தியக்காரர்கள் முன் இருந்தது.

ஆனால் இந்த எழுத்துக்கும் கைக்கு எட்டாத இடம் உண்டு. 1893-இல் சென்னையின் சின்னசாமி முதலியார், கருநாடக இசை அழிந்துவிடக்கூடாது என்ற கவலையில் கிருதிகளை ஐந்து கோட்டு முறையில் அச்சிட்டார். அவருடைய தூண்டுதலால் எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் எழுதி 1904-இல் வெளிவந்த சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில், சுரத்தின் தலையில் கமகங்கள் என்னும் சுர அசைவுகளுக்கென்றே தனிக் குறிகள் உண்டு. அவை ஏன் தேவைப்பட்டன? தோடியின் காந்தாரத்தைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். அது ஓரிடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே ஊசலாடும் அசைவு முழுவதும் சேர்ந்ததுதான் அந்தக் காந்தாரம். அதைக் கோட்டின் மேல் ஓர் உருண்டையாக எழுதினால், எழுதியது தோடியின் நிழல். சங்கராபரணத்தின் காந்தாரமோ அசையாமல் நிற்கும். அதை எந்த முறையிலும் எழுதிவிடலாம்.

கருவிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் முக்கியமானது மறுபடியும் மேற்சுரங்கள்தான். ஒரே சுரத்தைப் புல்லாங்குழலும் கிளாரினெட்டும் வாசித்தாலும் குரல் வேறாகக் கேட்பதற்குக் காரணம், எந்த மேற்சுரம் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதுதான். புல்லாங்குழலில் காற்றுத்தூண் இரு முனையும் திறந்தது போல் அதிர்வதால் எல்லா மேற்சுரங்களும் வரும். கிளாரினெட்டின் குழாய் ரீடு உள்ள முனையில் மூடியது போல் நடந்துகொள்வதால் கீழ்ச்சுரங்களில் ஒற்றைப்படை மேற்சுரங்களே ஓங்குகின்றன. அந்த உள்ளீடற்ற இனிமை அதனால் வருவது. புல்லாங்குழலில் ஊதலை அழுத்தினால் மேல் சட்ஜத்துக்குத் தாவும். கிளாரினெட் அதையும் தாண்டி மேல் பஞ்சமத்துக்குப் போய்விடும்.

பறை, டிரம் போன்ற தோற்கருவிகளில் மேற்சுரங்கள் ஒழுங்காக அடுக்கி வராது. அதனால் அவற்றில் தாளம் கேட்கும், சுருதி தெளிவாகக் கேட்காது. மிருதங்கம் இதற்கு விலக்கு. 1920-இல் சி. வி. ராமன் ஒரு மாணவருடன் சேர்ந்து நேச்சர் இதழில் இதைப் பற்றி எழுதினார். வலந்தலையின் நடுவே சோறு என்றும் கரணை என்றும் சொல்லும் கருமையான பூச்சு, நடுவில் கனமாகவும் ஓரத்தில் மெல்லிதாகவும் ஏற்றப்பட்டிருக்கிறது. அந்தக் கனம் தோலின் அதிர்வுகளை இழுத்துப் பிடித்து, கம்பியின் மேற்சுரங்களைப் போல ஒன்று, இரண்டு, மூன்று என்ற வரிசைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. மேளத்தைக் கம்பி போல் பாடவைத்த இந்தத் தொழில்நுட்பத்தைச் செய்தவர்கள் சமன்பாடு எழுதவில்லை. தோலைத் தட்டித் தட்டிக் கேட்டுக் கண்டார்கள். அவர்கள் பெயர்கள் நம்மிடம் இல்லை என்பது பெரிய இழப்பு.

பியானோவைச் செய்தவர் பெயர் இருக்கிறது. புளோரன்சு நகரில் மெடிசி குடும்பத்தாரின் கருவிகளைப் பராமரித்த பார்த்தலோமியோ கிறிஸ்தோபரி, 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைப் படைத்தார். அதற்கு முந்திய ஆர்ப்சிகார்டு கம்பியைக் கிள்ளும். எப்படி அழுத்தினாலும் ஒரே சத்தம். கிறிஸ்தோபரியின் சுத்தியல் கம்பியை அடித்துவிட்டு உடனே விலகிவிடும், ஆகவே விரலின் வேகம் அப்படியே சத்தமாக மாறும். இன்றைய பியானோவில் 88 கட்டைகள். எல்லாக் கம்பிகளின் இழுவிசையையும் கூட்டினால் ஏறத்தாழ இருபது டன் வரை வரும். அதைத் தாங்கத்தான் உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம்.

கீபோர்டில் கம்பியும் இல்லை, சுத்தியலும் இல்லை. அதில் உள்ளது எண்தான். 1983-இல் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இகுதாரோ ககெகாஷியும் முன்னின்று, வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள மிடி என்ற பொது மொழியைக் கொண்டுவந்தார்கள். மிடியில் ஒலி எதுவும் போவதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தியது, எப்போது விட்டது என்ற செய்தி மட்டும் மூன்று பைட்டுகளில் போகிறது. ஒரு செய்தி போய்ச்சேர ஆயிரத்தில் ஒரு நொடி போதும். கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை எண். நடுவில் உள்ள முதல் கட்டை 60, அதற்கு அடுத்த கறுப்பு 61. இரண்டுக்கும் இடையில் எண்ணே கிடையாது. சுரத்தை வளைக்கக் கீபோர்டின் இடது ஓரத்தில் ஒரு சக்கரம் உண்டு. ஆனால் அதைத் திருப்பினால் அந்தத் தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களும் சேர்ந்தே வளையும். ஒவ்வொரு சுரத்தையும் தனியாக வளைக்க வழிசெய்யும் மிடி 2.0 வருவதற்கு 2020 ஆகிவிட்டது. இடையில் 1997-இல், எண்ணெய் தேடும் நிலவதிர்வு ஆய்வில் இருந்த ஆண்டி ஹில்டெபிராண்டு, பாடகர் தவறிய சுருதியைத் திருத்தும் ஆட்டோட்யூனைக் கொண்டுவந்தார். அதை முழு வேகத்தில் பன்னிரண்டு கட்டைகளுக்கு முடுக்கிவிட்டால் பிழையும் திருந்தும், கமகமும் செத்துப்போகும். எது பிழை, எது கமகம் என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. அதை இயக்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கட்டைக்கும் கமகத்துக்கும் இடையிலான இந்தச் சண்டை நம் நாட்டில் அரசாங்க அளவிலும் நடந்தது. கட்டைகளுக்கு இடையில் உள்ள சுருதிகளை வாசிக்க முடியாது என்று கூறி, 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடைசெய்தது. 1971-இல்தான் தடையைத் தளர்த்தியது. தடை தவறு என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் பின்னால் இருந்த கேள்வி தவறல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாலுசாமி தீட்சிதர் கையில் எடுத்த பிடில் மெட்டே இல்லாத கருவி என்பதால் நம் இசைக்குள் பிறந்ததைப் போலப் பொருந்திக்கொண்டது. மெட்டுள்ள மாண்டலினில் உ. ஸ்ரீநிவாசும், கட்டைகள் கொண்ட சாக்சபோனில் கத்ரி கோபால்நாத்தும் கமகத்தை வரவழைத்தார்கள் என்றால், அவர்கள் காதில் முதலில் கமகம் இருந்தது. கருவி பிறகு அதற்கு வளைந்தது.

பிள்ளைகளைக் கீபோர்டு வகுப்புக்கு அனுப்பும் பெற்றோருக்கும், அங்கே சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கீபோர்டை நிறுத்தாதீர்கள். கார்டும் ஐந்து கோட்டு எழுத்தும் கிரக பேதமும் அதில் பளிச்சென்று புரியும். அதோடு தினமும் பத்து நிமிடம், சரியாகச் சுருதி சேர்த்த தம்புராவோடு ச, ப, மேல் ச மூன்றையும் நீட்டிப் பாடவையுங்கள். விம்மல் நிற்கும் இடத்தைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். பிறகு காந்தாரத்தைப் பாடச் சொல்லி, அதே காந்தாரத்தைக் கீபோர்டிலும் அழுத்திக் காட்டுங்கள். இரண்டும் ஏன் ஒன்றாக இல்லை என்று பிள்ளை கேட்டால், கணக்கைச் சொல்லிக்கொடுங்கள்.